மத்தியானச் சண்டை

அந்தக் கடையில் எதுவுமே மாறவில்லை என்பதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். குடிக்க வருகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடிப்பதுதான் நோக்கமென்றால் அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு பார் இருக்கிறது. அங்கே நாற்காலி மெத்தென்று இருக்கும், கக்கூஸ் நாறாது, கேட்டது கேட்ட நேரத்தில் வரும். இங்கே அதெல்லாம் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம். புகையேறிக் கறுத்த மரக்கூரை, நடந்து நடந்து நடுவில் பள்ளம் விழுந்த கல் தரை, முழங்கை பட்டு விளிம்பு மழுங்கிய நீளமான மரமேடை, தொட்டால் ஆடுகிற மேசைகள். வருகிறவன் உள்ளே நுழைந்து, அண்ணாந்து பார்த்து, "அப்படியே இருக்குய்யா" என்று ஒரு பெருமூச்சு விடுவான், ஏதோ அவன் பாட்டன் கட்டிவிட்டுப் போனது மாதிரி.

கூரையும் தரையும் மட்டுமல்ல, ஆட்களும் அப்படியே. மேடைக்குப் பின்னால் கடைக்காரர். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், மேலே தூக்கிக் கீழே விடுகிற பலகைக் கதவு போட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுப்படி. அடுப்படியில் அவர் பெண்சாதி வெங்கலம்.

வெங்கலம் என்பது பெற்றவர்கள் வைத்த பேரல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் ஜன்னல் வழியாக அவள் கொடுத்த முதல் சத்தத்தில், மேடையோரம் நின்ற தபால்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். "குரலாய்யா இது? வெங்கலம்" என்றார். அதுவே பேராகிப் போனது. தபால்காரர் ஓய்வு பெற்று, தலை முழுக்க வெளுத்து, இன்றைக்கும் அதே இடத்தில்தான் நின்று குடிக்கிறார். உட்காரச் சொன்னால் கோபம் வரும்.

கடைக்கு உயிரே மத்தியானம்தான். சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், அச்சாபீஸ் ஆட்கள், கோர்ட்டு குமாஸ்தாக்கள், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். அடுப்படியில் ஆகிறது நான்கே சாமான்: எலும்பு சூப், பொரித்த மீன், அவித்த முட்டை, வெங்காயம் போட்டு வதக்கிய உருளைக்கிழங்கு. சாமான் நான்குதான், வாய் கணக்கில்லை. காலையில் எலும்பைக் கழுவி அடுப்பில் ஏற்றினால் அது மேலே நுரை தள்ளத் தள்ள வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சூப் கலங்கிவிடும். ஒரு கை நுரை வழிக்க, ஒரு கை மீனைத் திருப்ப, வெங்காயப் புகையில் கண் எரிய, ஜன்னலுக்கு வெளியேயிருந்து "ரெண்டு சூப்பு, மூணு மீனு" என்று கடைக்காரரின் முதுகு சொல்லிக்கொண்டேயிருக்கும். முதுகுதான். முகத்தை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு முதுகை அவளுக்குக் கொடுத்து நிற்கிற மனிதர் அவர்.

ஒரு கட்டத்தில் அவளுக்குப் பொறுக்காது. கரண்டியால் ஜன்னல் பலகையைத் தட்டி ஒரு சத்தம் போடுவாள்.

"யோவ் கல்லுளிமங்கா! எனக்கென்ன நாலு கையா இருக்கு? நீயே ஆக்கிக்க. நான் போறேன்!"

கடைக்காரர் திரும்ப மாட்டார். கிளாஸைத் துடைத்துக்கொண்டே, மேடையைப் பார்த்தபடியே சொல்வார்.

"போறவ கதவச் சாத்திட்டுப் போ. காத்தடிக்குது."

கடையே சிரிக்கும். பலகை படாரென்று விழும். கொஞ்ச நேரம் கழித்து அதே பலகை தூக்கிக்கொண்டு, ஆவி பறக்க சூப் வரும்.

முதல்நாள் இது நிஜச் சண்டைதான். அவள் நிஜமாகவே போவதாகத்தான் இருந்தாள், அவரும் நிஜமாகவே எகத்தாளமாகத்தான் சொன்னார். மறுநாளும் அதே நேரத்தில் அதே பசி, அதே புகை, அதே கோபம். வாயில் வந்ததும் அதே வார்த்தை. அப்புறம் அது பழகிவிட்டது. சண்டை போடாத நாளில் தபால்காரர் சூப்பில் உப்பில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அப்பன்மார்கள் மகன்களைக் கூட்டிவந்து, "இரு, இப்ப அந்தம்மா கத்தும் பாரு" என்று காத்திருந்தார்கள். வெங்கலத்துக்கு இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. சத்தம் போட்டால் கை கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

வயசு யாரைக் கேட்டு வருகிறது? கடைக்காரரின் கால் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நின்றது. கடைக்கு மேலேயே குடியிருக்கிற மாடிக்குப் படி ஏறும்போது வெங்கலத்தின் முழங்கால் போடுகிற சத்தம் அவள் குரலுக்கு ஈடாக இருந்தது. ஒரே மகள், வேறு ஊரில் புருஷனோடு இருக்கிறாள். தரையோடு தரையாக வீடு, வாசலில் நிழல் விழுகிற மரம். அவர்களுக்கென்று ஓர் அறை வெள்ளையடித்துத் தயாராக வைத்திருந்தாள். கடையை விற்றுவிட்டு அங்கே போவதென்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். அதில் அவள் நச்சரிப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை.

வாங்க வந்தது ஒரு சின்னப் பெண். வசதியான வீடு. காலேஜில் படிக்கும்போது சிநேகிதிகளோடு வந்து இந்தக் கடை மேல் பைத்தியம் பிடித்துப் போனவளாம். நல்ல பெண். அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்திருந்தால் வெங்கலம் நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கைகழுவியிருப்பாள். அந்தப் பெண் கடைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஒரு ஆணியக்கூட மாத்த மாட்டேன்" என்றாள். கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்கலத்துக்கு மட்டும், நாலைந்து ஆணியை மாற்றினால் ஒன்றும் குடி முழுகிவிடாதே என்று பட்டது.

அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வருகிறவர்களுக்குக் கைமாறிய அதிர்ச்சி தெரியக்கூடாது, இந்த மழைக்காலம் ஓயும்வரை நீங்கள் இரண்டு பேரும் இப்போது இருக்கிற மாதிரியே இருந்து கொடுங்கள் என்றாள். மழைதானே, எத்தனை நாளைக்குப் பெய்துவிடும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

விற்ற மறுநாள் காலை வெங்கலம் கண் விழித்தபோது அதே கட்டில், அதே சுவர். கடைக்காரர் இடுப்பில் அதே துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வித்துட்டோம்ல?"

"வித்துட்டோம்."

"அப்ப எங்க கெளம்பிட்டீங்க?"

"கடைக்கு."

அவளும் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதே படியில் இறங்கிப்போய் எலும்பைக் கழுவினாள். விற்றதா விற்காததா என்று அவளுக்கே பிடிபடவில்லை. காடு விற்றும் கள்ளியைச் சுமந்த கதை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முன்பு மாறாமல் இருந்த கடைக்கும் இப்போது மாறாமல் இருக்கிற கடைக்கும் வித்தியாசம் உண்டு என்பது போகப் போகத்தான் தெரிந்தது. முன்பு அது சோம்பேறித்தனத்தால் மாறாமல் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டால், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இப்போது அந்த விரிசலுக்கு ஒரு காவல் வந்துவிட்டது. தெருப்பக்கத்து ஜன்னலில் காற்று புகுந்து அடுப்பை அணைக்கிறது, கண்ணாடியை மாற்றச் சொல்லேன் என்று வெங்கலம் கேட்டாள். இப்போது முதலாளியாகிவிட்ட அந்தப் பெண் பதறிப்போய், எல்லோரும் எடுக்கிற படத்தில் அந்த விரிசல்தான் முதலில் விழுகிறது, அதைத் தொடக்கூடாதம்மா என்றாள். கதவோரத்து மேசை ஆடி ஆடி சூப் சிந்துகிறதே என்று தச்சரைக் கூப்பிட்டுக் காலைச் சீவச் சொன்னாள் வெங்கலம். இரண்டு நாள் மேசை கம்மென்று நின்றது. மூன்றாம் நாள் பார்த்தால் மறுபடி ஆடுகிறது. அதே தச்சர்தான் வந்து இன்னொரு காலைச் சீவிவிட்டுப் போயிருக்கிறார். "என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? நேரா நிக்க வைக்கவும் கூலி, ஆட்டிவிடவும் கூலி" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

இதற்கு நடுவில் ஒரு நல்லதும் நடந்தது. அம்மா முழங்காலோடு கஷ்டப்படக்கூடாது என்று முதலாளிப் பெண் வெங்காயம் உரிக்க ஒருத்தி, பாத்திரம் தேய்க்க ஒருத்தி என்று அடுப்படிக்கு இரண்டு ஆட்களைப் போட்டாள். ஜன்னல் வழியாக அவர்கள் முகம் மட்டும் தெரியக்கூடாது. வெங்கலம் நுரை வழித்தாள், மீனைத் திருப்பினாள், மற்றதெல்லாம் தானாக நடந்தது. மத்தியானம் வந்தது, போனது. கோபம் வரவில்லை. சத்தமும் வரவில்லை. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கவனித்தது மற்றவர்கள்தான். தபால்காரர் சூப்பில் உப்பில்லை என்றார். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற வெளியூர் ஆட்கள் கை வலித்து இறக்கிக்கொண்டார்கள். முதலாளிப் பெண் அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ரெண்டு மூணு நாளா நீங்க கத்தவே இல்ல."

"எதுக்குக் கத்தணும்? அதான் ஆள் இருக்கே."

"இல்லம்மா... வர்றவங்க கேக்குறாங்க. சும்மா ஒரே ஒரு தடவ. உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்."

கஷ்டம் என்று எப்படிச் சொல்வது? கத்துவது ஒரு கஷ்டமா? வெங்கலம் கரண்டியால் பலகையைத் தட்டினாள். வாயைத் திறந்தாள். குரல் வந்தது, கோபம் வரவில்லை. "எனக்கென்ன நாலு கையா இருக்கு" என்று சொல்லும்போது, வெங்காயம் உரிக்கிறவளும் பாத்திரம் தேய்க்கிறவளும் அவளையே பார்த்தார்கள். அந்த நான்கு கையையும் கூட்டினால் ஆறு கை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகையைப் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அது ஒரு வேலையாகிவிட்டது. காலையில் மாடியில் டீ குடிக்கும்போது இருவரும் கலந்து பேசுவார்கள். இன்றைக்கு எதற்குச் சண்டை என்று கடைக்காரர் கேட்பார். அவரைப் போல் வாய் பூட்டுப் போட்ட மனிதர் அப்படிக் கேட்பதே வேடிக்கையாக இருக்கும். கிளாஸ் உடைந்ததற்கு வைத்துக்கொள்ளலாம் என்பாள் அவள். அது நேற்றைக்கு ஆகிவிட்டது என்பார். மீன் தீய்ந்துவிட்டது என்று நான் ஆரம்பிக்கட்டுமா என்று அவர் ஒருநாள் கேட்க, என் மீன் எப்போது தீய்ந்தது என்று அவள் எகிற, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. சண்டை பொய்யானதும் குடித்தனம் இனித்தது. மழைக் காற்றில் மாடி ஜன்னல் அடித்துக்கொள்ள, கால் நீட்டி உட்கார்ந்து தன் புருஷன் சிரிப்பதைப் பார்த்தபோது வெங்கலத்துக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

ஆனால் கீழே இறங்கிக் கரண்டியைக் கையில் எடுத்ததும் ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்குப் பொய்யாகக் கத்துகிறேன், சரி. அன்றைக்குக் கத்தினேனே, அதெல்லாம் நிஜமா? தினம் தினம் "நான் போறேன்" என்றேனே, ஒருநாளாவது போக நினைத்தேனா? நினைத்தேன் என்றால் ஏன் போகவில்லை? நினைக்கவில்லை என்றால் எதற்கு அத்தனை சத்தம்? யோசிக்க யோசிக்க நூல்கண்டில் முனை தேடுகிற மாதிரிதான் ஆனது. நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது.

மகள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள், எப்போது வருகிறீர்கள் என்று. மழை ஓயட்டும் என்றாள் வெங்கலம். நடுவில் ஒருதரம் மருமகன் ராத்திரியில் கார் கொண்டுவந்து அழைத்துப்போக, நாலு நாளைக்குப் போய்வந்தார்கள். மகள் வீட்டில் வெங்கலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், போகிற வருகிறவர்களைப் பார்த்தாள், முழங்கால் ஒரு சத்தமும் போடவில்லை. கடைக்காரர் மகளின் அடுப்படியில் கழுவி வைத்த கிளாஸையெல்லாம் எடுத்துத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து துடைத்தார். மருமகன் டிவி போட்டுக் கொடுத்தார். அதன் எதிரிலும் அவர் நின்றுகொண்டேதான் பார்த்தார். போகப் போகச் சரியாகிவிடும் என்று வெங்கலம் நினைத்தாள்.

மழை ஒருவழியாக ஓய்ந்தது. தெருவில் ஈரம் காய்ந்து, வெயில் பின்கதவு வழியாக வந்து அடுப்படிச் சுவரில் விழுந்தது. அன்று காலை மாடியில் வெங்கலம் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டாள், மூட்டை கட்டத் தோதாக. கடைக்காரர் அதைப் பார்த்தார். சண்டைக்கு விஷயம் கூடக் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளிப் பெண் அடுப்படிக்குள் வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். வெங்கலத்தின் ஈரக் கையையே பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிம்மா. நேத்து ஐயா சொன்னாரு. எனக்குத் தூக்கமே வரல."

"என்ன சொன்னாரு?"

"அதான்மா, அடுத்த மழைக்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் இருக்கோம்னு. நான் கேக்கலாமா வேண்டாமான்னு தயங்கிக்கிட்டே இருந்தேன். அவரா சொல்லிட்டாரு."

வெங்கலம் கையை உருவிக்கொண்டாள். நுரை வழிக்க வேண்டும் என்றாள். அந்தப் பெண் போனபிறகும் நுரையில்லாத சூப்பை வழித்துக்கொண்டே இருந்தாள்.

அவராகச் சொன்னாராம். யாரைக் கேட்டுச் சொன்னார்? தினம் காலையில் டீயைக் குடித்துக்கொண்டு, இன்றைக்கு எதற்குச் சண்டை என்று கேட்ட மனிதருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லையா? அடுத்த மழை வரைக்கும் என்றால், அதற்கடுத்த மழைக்கும் அவராகவே சொல்வார். வெள்ளையடித்த அந்த அறை சும்மாவே கிடக்கும். இந்தப் படியில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்து, ஒருநாள் இதே அடுப்புக்கு முன்னால் விழுவாள். அப்போதும் எவனாவது படம் எடுப்பான். இத்தனை நாளும் தேடித் தேடிக் கிடைக்காத கோபம் மொத்தமாக வந்து நின்றது.

வெளியே இரைச்சல் ஏறிவிட்டது. "நாலு சூப்பு, ரெண்டு முட்டை" என்றது முதுகு.

அவள் பலகையைத் தூக்கினாள். கரண்டியால் தட்ட மறந்துவிட்டாள்.

"யோவ்! என்னைய ஒரு வார்த்த கேட்டியா? நீ பாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிற! நான் போறேன்யா. இதோ, இப்பவே போறேன்!"

கடைக்காரர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, மேடையைப் பார்த்தபடியே, நிதானமாகச் சொன்னார்.

"போறவ கதவச் சாத்திட்டுப் போ. காத்தடிக்குது."

சிரிப்பு வெடித்தது. எவனோ கை தட்டினான், எல்லோரும் தட்டினார்கள்.

வெங்கலத்துக்குப் புரியவில்லை. "யோவ், நான் நெசமா சொல்றேன்" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "மக வீட்டுக்குப் போறேன், நீ இங்கயே கெட" என்றாள். "ஆகா, இன்னைக்குப் புதுசா இருக்கே" என்றது ஒரு குரல். தபால்காரர், இன்றைக்கு சூப் பிரமாதம் என்றார். சூப் இன்னும் அவருக்குப் போகவே இல்லை. கடைக்காரரின் தோள் லேசாகக் குலுங்கியது. அவரும் சிரிக்கிறார். காலையில் பேசிவைக்காமலே இவ்வளவு நன்றாகப் போடுகிறாளே என்று நினைத்திருப்பார்.

பலகையைக் கீழே விட்டாள். அது வழக்கம்போலப் படாரென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் ஒரு கைத்தட்டல்.

அடுப்படிக்குள் இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, கண்ணுல தண்ணியே வந்துருச்சு உங்களுக்கு" என்று மெச்சினாள் வெங்காயம் உரிக்கிறவள். வெங்கலம் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. வெங்காயமா, அழுகையா? நிஜமாகத்தான் சொன்னேனா? நிஜமாகச் சொன்னால் ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் கூடப் படுத்த மனிதருக்குக் கூடவா தெரியாது? ஒருவேளை அவள்தான் பழக்கதோஷத்தில் நன்றாகக் கத்திவிட்டாளோ? நின்ற இடத்திலேயே நின்று யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். பின்கதவு வழியாகச் சந்துக்குள் இறங்கினாள்.

சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தவள், கடைவாசலைப் பார்த்ததும் நின்றாள். முன்வாசல் வழியாக அவள் உள்ளே போனதே கிடையாது. தடையென்று யாரும் சொல்லவில்லை, அதற்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான். கதவைத் தள்ளினாள். கனமாக இருந்தது.

உள்ளே யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவர்களுக்கெல்லாம் அவள் ஒரு குரலும் ஒரு கரண்டியும்தான், முகம் யாருக்குத் தெரியும்? மேசைகளுக்கு நடுவே நடந்தாள். இங்கேயிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் அத்தனை சின்னதாக இருந்தது. அதற்குள் நின்றா இவ்வளவு காலம் போனது என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. அப்புறம் கடைக்காரரைப் பார்த்தாள். இந்த இடத்தில் நின்று அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. வருகிறவன் பேசும்போது உதட்டில் ஒரு சிரிப்பு நின்றது. அவன் கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும், அந்தச் சிரிப்பு விழுந்து, முகம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்தவன் வந்ததும் மறுபடி எடுத்து ஒட்டிக்கொண்டார். கால் மாற்றி நின்றார். வலிக்கிறது போல.

அவள் மேடையோரம் போய், தபால்காரருக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவில் நுழைந்து நின்றாள்.

"என்னங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அந்தக் கூடத்தில் அந்தச் சொல் அதுவரை விழுந்ததில்லை. அது மாடியில் புழங்குகிற சொல். கடைக்காரரின் கை நின்றது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு செய்ததுதான் வேடிக்கை: சட்டென்று திரும்பி, பின்னாலிருந்த ஜன்னலைப் பார்த்தார். எத்தனை சத்தத்துக்கும் திரும்பாத மனிதர், அவள் அங்கேதானே இருக்க வேண்டும் என்பது போல மூடிக்கிடந்த பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி இவளைப் பார்த்தார்.

"நான் நெசமாத்தாங்க சொன்னேன்."

"எத?"

"போறேன்னு."

அவர் துடைத்த கிளாஸைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் குரலும் தணிந்துவிட்டது.

"அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்? நாலு நாள் இருந்தோமே, நீ பாக்கலையா? எனக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியல."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எகத்தாளம் பேசினால் பதில் இருந்தது, சமாதானம் சொன்னாலும் பதில் இருந்தது. கேட்காமல் வாக்குக் கொடுத்ததற்கு நறுக்கென்று கேட்க நாலு கேள்வி வரும் வழியிலேயே தயார் செய்திருந்தாள். அத்தனையும் மறந்துபோனது. பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"எனக்கும் தெரியலங்க" என்றாள். "அங்க ஒக்காந்தா நல்லா இருக்கு, அது மட்டும் தெரியுது. நீங்க வந்தா வாங்க, இல்லன்னா இருங்க. நான் போறேன்."

"போறவ..." என்றார் கடைக்காரர்.

வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் திறந்து நின்றது. அவள் காத்திருந்தாள். மிச்சத்தை அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தபால்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று கையை உயர்த்தி, "கதவச் சாத்திட்டுப் போ!" என்று எடுத்துக் கொடுத்தார். கடை மொத்தமும் சேர்ந்துகொண்டது. "காத்தடிக்குது!" பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "என்னங்க ரெண்டு பேரும் முணுமுணுக்கிறீங்க, இங்க ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பேசுங்க" என்றான். செல்போன்கள் உயர்ந்தன. இப்போதுதான் அவர்களுக்கு அவள் யாரென்று தெரிந்தது. கடைக்காரர் அத்தனை பேரையும் பார்த்தார், வழி தவறி வேறு யார் வீட்டிலோ நுழைந்துவிட்டவர் மாதிரி.

வெங்கலம் திரும்பி நடந்தாள். கை தட்டுகிறவர்களை விலக்கிக்கொண்டு, ஆடுகிற மேசையில் இடித்துக்கொண்டு, வெளியே வந்துவிட்டாள்.

வெயில் முகத்தில் அடித்தது. தெருவில் லாரிகளும் வண்டிகளும் இரைந்தன. எதிரே அவளுக்குப் பழக்கமான துணிக்கடை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஏதோ ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்திலும் புதிது, அதற்கு அடுத்ததும் புதிது. எப்போது வந்தது இதெல்லாம்? போர்வை மாடியில் காய்கிறது, துணிமணி எடுக்கவில்லை, மகளுக்குச் சொல்லவில்லை. போகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னவள் போக வேண்டாமா? அவளுக்குப் பயமாக இருந்தது.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். பார்த்தால் கடைக்காரர். இடுப்புத் துணியை அவிழ்க்கவில்லை. கையில் கிளாஸ் துடைக்கிற துண்டு. உள்ளே ஒருத்தன் மேடையைத் தட்டி சூப்பு சூப்பு என்று கூப்பிடுவது கதவுக்கு இந்தப் பக்கம் லேசாகக் கேட்டது. அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் வெங்கலம். "வாயிருக்குல்ல. கேட்டுப் போலாம்."